வேளாண் பாடத்தை விவசாயியும் திருத்தி எழுத வேண்டும்

தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2016-ஆம் ஆண்டு, பொள்ளாச்சி வட்டாரத்தில். அதற்கு முன் அச்சான தமிழ்த் தென்னை சாகுபடிப் புத்தகங்களில் இப்பூச்சிக்கு வைத்தியம் இருக்க வழியில்லை. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சிக்கு விஞ்ஞானிகள் பெயர் சூட்டியதே 2004-இல்தான்.

ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டையிடுவது இதன் அடையாளம். இது வெளியேற்றும் தேன் போன்ற கழிவு கீழ் ஓலைகளில் விழ, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து மரமே கறுத்துப் போகும். பார்க்கும் விவசாயிக்கு மனம் பொறுக்குமா? அருகிலுள்ள மருந்துக் கடைக்கு ஓடுகிறார். கடைக்காரர் கொடுத்த ஏதோ ஒரு பூச்சிக்கொல்லியை அடிக்கிறார். இங்கேதான் கேடு தொடங்குகிறது. என்கார்சியா என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி இந்த ஈயின் குஞ்சுகளில் முட்டையிட்டு அவற்றை அழிக்கக்கூடியது. மருந்து அடித்தால் ஈயைவிட முதலில் மடிவது குளவிதான். மருந்து அடிக்காமல், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிகளைக் கட்டி, ஓலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, கரும்பூசணத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசையைக் கரைத்துத் தெளிப்பதுதான் சரியான சிபாரிசு. செலவும் குறைவு.

இந்தச் சிபாரிசு விஞ்ஞானிகளிடம் இருந்தது. மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்தில் தோப்பு வைத்திருப்பவருக்கும் இது தேவை. அவர் கையில் செல்போனும் இருக்கிறது. ஆனால் அதில் தேடும்போது முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் ஏதாவது மருந்தை விற்பதற்காக எடுத்த வீடியோப் படம்தான். விற்பவர்களுக்கு முந்திக்கொள்ளத் தெரிந்திருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் ஆராய்ச்சி நடத்தும் நிறுவனங்களுக்கு அது தெரியவில்லை.

இதற்குப் பரிகாரம் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில் இல்லை. விக்கி என்று ஒரு முறை 30 ஆண்டுகளாகவே இருந்து வருகிறது.

விக்கி என்பது என்ன?

விக்கி என்றால் ஹவாய்த் தீவு மொழியில் விரைவு என்று பொருள். வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிபுணர் 1995-இல் இந்த முறையை இணையத்தில் ஏற்படுத்தினார். ஒரு பக்கத்தைப் படிக்கிறவரே, அதில் பிழை கண்டால் அங்கேயே திருத்தலாம், விட்டுப்போனதைச் சேர்க்கலாம். 2001 ஜனவரி 15-இல் தொடங்கிய விக்கிப்பீடியா என்ற கலைக்களஞ்சியம் இந்த முறையில் வளர்ந்ததே. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. இன்று அதில் 1,50,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. சம்பளம் வாங்கி எழுதியவர்கள் அல்ல. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மற்ற நாடுகளிலும் உள்ள ஆசிரியர்கள், பொறியாளர்கள், மாணவர்கள் எனப் பலர் ஓய்வு நேரத்தில் எழுதிச் சேர்த்தவை.

இதற்கு முன்னும் தமிழில் கலைக்களஞ்சியம் இருந்தது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட பத்துத் தொகுதிகள் தமிழுக்குப் பெருமை சேர்த்தவை. முதல் தொகுதி 1954-இல் வந்தது. கடைசித் தொகுதி 1968-இல். இடைப்பட்ட அந்த 14 ஆண்டுகளுக்குள்தான் ஆடுதுறை 27-ம் ஐ.ஆர். 8-ம் வந்து நெல் விவசாயத்தையே மாற்றிவிட்டன. அச்சில் ஏறிய புத்தகத்தால் ஓடிவந்து அதைச் சேர்த்துக்கொள்ள முடியாது. அது புத்தகத்தின் குற்றம் அல்ல. ஆனால் இன்றும் வேளாண் கையேடுகளை அதே முறையில்தான் அச்சிட்டு, தீர்ந்த பிறகு அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கிறார்கள்.

விக்கியில் மூன்று அம்சங்களை விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டும். 'தொகு' என்ற பொத்தானை அழுத்தினால் பக்கம் எழுதுவதற்குத் திறக்கும். 'வரலாறு' என்ற பகுதியில் எந்த நாள், எந்த நேரத்தில், யார், எந்த வரியை மாற்றினார் என்பது அழியாமல் பதிவாகி இருக்கும். யாராவது தவறாக மாற்றியிருந்தால் பழைய நிலைக்கு உடனே கொண்டுவந்துவிடலாம். 'உரையாடல்' பக்கத்தில் கருத்து வேற்றுமைகளைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். கிராமச் சாவடியில் கணக்கு வாசித்து, ஆட்சேபணை கேட்டு, திருத்தி எழுதுவது போலத்தான்.

அந்தக் கணக்கு எழுதும் பழக்கம் செங்கல்பட்டுக்குப் புதிதல்ல. 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டு ஜாகீரில் சுமார் 2,000 கிராமங்களை அளவை செய்தார். ஏரி, குளம், நன்செய், புன்செய், தோப்பு, வீடுகள், தொழில்வாரியாகக் குடிகள், விளைச்சலில் யாருக்கு என்ன பங்கு என்பதெல்லாம் கிராமம் கிராமமாக அதில் உண்டு. இதற்கு ஆதாரமான விவரங்களைக் கிராமக் கணக்கர்கள் ஓலையில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஓலைகளில் ஒரு பகுதி இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அறிஞர் தரம்பாலும் அவரைத் தொடர்ந்து சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தாரும் இவற்றை ஆராய்ந்து வெளிப்படுத்தினார்கள். தன் ஊர் நிலத்தைப் பற்றித் தானே எழுதி வைத்த மாவட்டம் இது. இன்றைக்கு எழுதாமல் இருப்பதற்குத் தகுதிக் குறைவு காரணமாக இருக்க முடியாது.

ஊருக்கு ஊர் பட்டம் வேறு

இணையத்தில் நெல் சாகுபடி பற்றிப் பொதுவாக எழுதப்பட்ட தமிழ்க் கட்டுரைகளைப் படித்தால் குறுவை, சம்பா, தாளடி என்றே பேச்சு. அது காவிரிப் படுகையின் கணக்கு. செங்கல்பட்டு விவசாயிக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரைதான் பட்டங்கள். சித்திரை, வைகாசியில் தொடங்குவது சொர்ணவாரி. மார்கழி, தை மாதங்களில் தொடங்குவது நவரை. தஞ்சையில் மேட்டூர்த் தண்ணீரைப் பார்த்து விதைக்கிறார்கள் என்றால் இங்கே ஏரித் தண்ணீரையும் கிணற்றையும் பார்த்து விதைக்கிறார்கள். மதுராந்தகம் ஏரிப் பாசனத்துக்கு ஒரு கணக்கு, பாலாற்று ஓரத்தில் ஒரு கணக்கு, பக்கிங்காம் கால்வாய்க்குக் கிழக்கே மணல் பூமியில் முற்றிலும் வேறு கணக்கு.

வேளாண்மைத் துறையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிடும் பயிர் உற்பத்திக் கையேட்டில் மாவட்டவாரியான பட்டங்கள் கொடுக்கப்பட்டுள்ளன என்பது உண்மை. பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்திலும் தமிழில் ஏராளமான விஷயங்கள் உள்ளன. உழைத்துச் சேர்த்த நல்ல சேமிப்பு அது. ஆனால் ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் வித்தியாசத்தைக் கோவையில் உட்கார்ந்து எழுத முடியாது. செய்யூர் வட்டாரத்தில் தர்பூசணியை எந்த வாரத்தில் ஊன்றினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நல்ல விலை கிடைக்கும், எந்த ஊர்க் கிணறு மாசி பிறந்ததும் உவர்க்கத் தொடங்குகிறது, எந்தச் சவுக்குத் தோப்பில் கன்றுகள் பட்டுப்போகின்றன என்பதெல்லாம் அந்த ஊர்க்காரருக்கும் அந்த வட்டாரத்து உதவி வேளாண்மை அலுவலருக்கும் மட்டுமே தெரியும். அலுவலர் மாற்றலாகிப் போனால் அவர் அறிந்ததும் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

1960-களில் திருச்சி வானொலி நிலையம் ஒலிபரப்பிய பண்ணைச் செய்திகளைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 நெல்லைப் பயிரிட்டு, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். விஸ்தரிப்புப் பணியின் வெற்றிக்கு இன்றும் இதையே எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் வானொலி பேசும், விவசாயி கேட்பார். அவர் திருப்பிச் சொல்ல ஒரு தபால் அட்டையைத் தவிர வழி கிடையாது. ஒரே ரகம், ஒரே சிபாரிசு என்று பரப்ப வேண்டிய காலத்துக்கு அது சரியாக இருந்தது. நிலத்தடி நீர் உவர்ந்து, பருவம் தவறி, புதுப்புதுப் பூச்சிகள் வந்திறங்கும் காலத்துக்கு அது போதாது.

மாண்டஸ் புயலையே எடுத்துக்கொள்ளலாம். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி நள்ளிரவு வாக்கில் அது மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. கடலோரத்தில் புயலுக்குப் பின் உப்புநீர் ஏறிய நிலத்தை என்ன செய்வது என்ற கேள்வி எப்போதும் எழும். விடை தெரியாத கேள்வி அல்ல இது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் ஆயிரக்கணக்கான ஏக்கரை மீட்ட அனுபவம் தமிழ்நாட்டில் உண்டு. படிந்த சேற்றை அகற்றி, வரப்பை உயர்த்தி, நல்ல தண்ணீரோ மழைநீரோ கட்டி வடிப்பது. மண் பரிசோதனை பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் ஜிப்சம் இடுவது. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது. பிறகு திருச்சி 1 போன்ற உவர், களர் தாங்கும் நெல் ரகம். இவ்வளவும் தெரிந்ததே. ஆனால் இவற்றில் பெரும்பகுதி திட்ட அறிக்கைகளாக அலமாரியில் இருக்கிறது. அடுத்த புயலின் மறுநாள் காலையில் கல்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு விவசாயி செல்போனில் தேடினால், ஒரே பக்கத்தில், எளிய தமிழில், கிடைக்கும் நிலையில் இல்லை.

வேளாண் களஞ்சியம் ஏன் தளர்ந்தது?

இந்த எண்ணம் இந்தியாவில் யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்வது நியாயமாகாது. கான்பூர் ஐ.ஐ.டி., ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் போன்ற நிறுவனங்களும் சில வேளாண் பல்கலைக்கழகங்களும் கூடி, 2009 ஜனவரியில் 'அக்ரோபீடியா' என்ற வேளாண் களஞ்சியத்தைத் தொடங்கின. தேசிய வேளாண் புதுமைத் திட்டத்தின் பணம் அதற்கு உதவியது. நெல், கோதுமை, நிலக்கடலை, கரும்பு, சோளம் உள்ளிட்ட சில பயிர்களை முதலில் எடுத்துக்கொண்டார்கள். நிபுணர்கள் சரிபார்த்த பாடம் ஒரு பக்கம், யாரும் எழுதிப் பேசக்கூடிய இடம் இன்னொரு பக்கம் என்று இரண்டாகப் பிரித்த ஏற்பாடு மிகவும் புத்திசாலித்தனமானது. ஆனாலும் அது விவசாயிகளின் நாவில் பழகிய பெயராகவில்லை. 2014-இல் திட்டம் முடிந்த பின் பழைய வேகமும் நீடிக்கவில்லை.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். திட்டம் இருக்கும்வரை எழுதுவது கடமை. திட்டம் முடிந்தால் எழுதுவதற்குக் கட்டாயமும் இல்லை, லாபமும் இல்லை. பல்கலைக்கழக ஆசிரியருக்குப் பதவி உயர்வு தருவது ஆங்கில ஆராய்ச்சிச் சஞ்சிகையில் வெளியான கட்டுரை. ஐம்பது பேர் படிக்கும் கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. ஐம்பதாயிரம் விவசாயிகள் படிக்கக்கூடிய தமிழ்ப் பக்கத்தை எழுதித் திருத்திப் பராமரித்தால் அதற்கு மதிப்பெண் கிடையாது. பிறகு யார்தான் எழுதுவார்கள்? இந்த ஒரு விதியை மாற்றாமல் எத்தனை புதிய தளம் திறந்தாலும் திறப்பு விழாவோடு சரி.

இன்னொன்றும் உண்டு. தனியாக ஒரு தளத்தைக் கட்டி, அங்கே எல்லோரும் வரட்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவருவதில்லை. மக்கள் ஏற்கெனவே போய்ப் பழகிய இடத்துக்கு அறிவைக் கொண்டுபோக வேண்டும். சந்தை கூடும் இடத்தில்தான் கடை போட வேண்டும். மத்திய அரசு நிறுவனமான ஐதராபாத் சி-டாக் 2014-இல் தொடங்கிய விகாஸ்பீடியா தமிழிலும் உள்ளது. பதிவு செய்துகொண்டு யாரும் எழுதி அனுப்பலாம், சரிபார்த்து வெளியிடுவார்கள். தமிழ் விக்கிப்பீடியா இன்னும் பரவலாகப் படிக்கப்படுகிறது. புதிய கட்டடத்துக்குக் கால்கோள் இடுவதைவிட இந்த இரண்டிலும் உள்ள வேளாண் பக்கங்களைச் செப்பனிடுவது மேல்.

மருந்து அளவை யார் வேண்டுமானாலும் மாற்றலாமா?

இந்த யோசனைக்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிக வலுவானது இதுதான். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், விஷமி ஒருவர் லிட்டருக்கு 2 மில்லி என்பதை 20 மில்லி என்று மாற்றிவிட்டால் என்ன ஆகும்? பயிர் போகும். மனிதரும் போகலாம். இந்தப் பயத்தை அலட்சியம் செய்யக் கூடாது.

ஆனால் இப்போதுள்ள நிலை பத்திரமானதா என்பதையும் பார்க்க வேண்டும். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்தில் நிறுத்தியது. மத்திய அரசு 2018 ஆகஸ்டில் பிறப்பித்த ஆணைப்படி போரேட், பாஸ்பாமிடான், ட்ரையசோபாஸ், டைகுளோர்வாஸ் முதலியவற்றுக்கு 2020 டிசம்பர் 31-உடன் முற்றுப்புள்ளி விழுந்தது. நெல் ஆனைக்கொம்பன் ஈக்குப் போரேட் குருணை போடச் சொல்லும் பழைய துண்டுப் பிரசுரம் ஒரு விவசாயியின் வீட்டுப் பரணில் இருந்தால் அதை யார் போய்த் திருத்துவது? இணையத்தில் ஏற்றிவிட்டு மறந்துபோன பழைய கோப்புகளும் அப்படியேதான். அவற்றில் தேதி இருக்காது, எழுதியவர் பெயர் இருக்காது, பிழை என்று தெரிந்தவர் திருத்தவும் வழி இருக்காது. விக்கியில் தவறு நேர்ந்தால் நேர்ந்த நாளும் தெரியும், திருத்தவும் முடியும். பூட்டிய பக்கத்தில் உள்ள தவறு நிரந்தரமாக நின்றுவிடும்.

இருந்தாலும் மருந்தின் பெயர், அளவு, தெளித்த பின் அறுவடைக்கு விடவேண்டிய இடைவெளி ஆகிய மூன்றையும் பொறுத்தவரை தாராளம் கூடாது. அந்த அட்டவணைகளைத் தகுதியுள்ள சிலர் மட்டுமே மாற்றும்படி பூட்டி வைக்கலாம். விக்கியில் அதற்கு வசதி உண்டு. ஒவ்வோர் அட்டவணையின் தலையிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருக்க வேண்டும். ஓராண்டு கடந்தும் சரிபார்க்காத அட்டவணையைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவதே உத்தமம். மற்றவற்றில் கதவைத் திறந்தே வைக்கலாம். விதைப்புத் தேதியை ஒருவர் தவறாக எழுதிவிட்டால் பக்கத்து ஊர்க்காரர் வந்து திருத்திவிடுவார். விவசாயிகள் இந்த மாதிரி விஷயத்தில் பொறுத்துப் போகிறவர்கள் அல்ல.

அச்சில் ஏறாத அறிவு

விக்கிப்பீடியாவின் ஒரு விதி விவசாயத்துக்குச் சங்கடமானது. எதை எழுதினாலும் அச்சில் வந்த ஆதாரம் காட்ட வேண்டும். பொய்யைத் தடுக்க இந்த விதி தேவைதான். ஆனால் விவசாயியின் அறிவில் பெரும்பகுதி அச்சில் ஏறியதே இல்லை.

செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சுக்கு முக்கிய ஆதாரம் இந்தச் சங்கம். வரப்பில் பாம்பு தீண்டிய எத்தனையோ விவசாயக் கூலிகள் பிழைத்திருப்பதற்கு இவர்கள் கைத்திறன் காரணம். இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க இவர்கள் துணை தேவைப்பட்டது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தடம் பார்த்து, எச்சம் பார்த்து, வளையின் வாயைப் பார்த்துப் பாம்பு உள்ளே இருக்கிறதா, போய்விட்டதா என்று சொல்லும் அறிவு எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது? நெல் வயலில் எலி வளையைப் பார்த்து, எலி எங்கே, அது சேர்த்து வைத்த கதிர் எங்கே என்று தோண்டி எடுப்பவர்களும் இவர்களே. விஷ உணவு வைக்காமல் எலியை ஒழிக்கும் இந்தத் திறமைக்கு எந்தப் பக்கத்தில் ஆதாரம் காட்டுவது?

விக்கிப்பீடியாவினர் இதை அறியாதவர்கள் அல்லர். 2011-இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும், வாய்மொழியாகக் கேட்டதை ஒலிப்பதிவு செய்து அதையே ஆதாரமாகக் காட்ட முடியுமா என்று ஒரு பரிசோதனை நடத்தினார்கள். அது பொது விதியாகவில்லை. ஆகவே இந்த வகை அறிவுக்கு வேறு இடம் வேண்டும். அதை அமைத்துத் தர வேண்டியது வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. சொன்னவர் பெயர், ஊர், நாள், மண் வகை, எத்தனை ஆண்டு அனுபவம் என்ற விவரங்களோடு ஒலிப்பதிவாக வைக்கலாம். அவற்றில் பரிசோதிக்கத் தக்கதை ஆராய்ச்சி நிலையம் எடுத்துப் பரிசோதித்து, முடிவை அதே பக்கத்தில் எழுத வேண்டும். பலன் இல்லை என்று தெரிந்தால் அதையும் எழுத வேண்டும். விவசாயி சொன்னார் என்பதற்காகவே எதையும் சாஸ்திரமாக்கிவிட வேண்டியதில்லை.

இதில் ஒரு ஜாக்கிரதை தேவை. மூலிகை, மருத்துவம் சம்பந்தப்பட்ட அறிவை ஒரு சமூகத்தின் சம்மதமின்றி வெளியிடுவது முறையாகாது. மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் 1995-இல் ஒருவர் காப்புரிமை பெற்றுவிட்டதும், இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு போராடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். பழைய நூல்களில் எழுதி வைத்திருந்தது அன்று வழக்குக்குக் கை கொடுத்தது. எழுதுவது பாதுகாப்பும் தரும்; கேட்காமல் எழுதினால் பறிப்பதாகவும் ஆகும். உரியவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி

இணையமெல்லாம் படித்தவர்களுக்குத்தான் என்று தள்ளிவிடுபவர்கள் கொஞ்சம் தெற்கே பார்க்கலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர் கிராமத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலையின் உயரத்தைத் தெரிந்துகொண்டு, ஊர்ப் பிள்ளைகளே தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கட்டுமரம் தள்ளலாமா, வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள். ஒரு வெளிநாட்டு அரசு தன் தகவலைப் பூட்டாமல் வைத்திருந்தது. ஒரு கிராமம் அதைத் தன் மொழியில் மாற்றிக்கொண்டது. காதால் கேட்டவருக்கு எழுத்தறிவு வேண்டியிருக்கவில்லை.

தேனி மாவட்டத்திலும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. காமன்வெல்த் கற்றல் அமைப்பு 2004-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய விவசாயிகளுக்கான வாழ்நாள் கல்வித் திட்டத்தில், ஆடு வளர்ப்புப் பாடங்கள் செல்போனில் குரல் செய்திகளாக மகளிர் குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆடு மேய்த்துக்கொண்டே பாடம் கேட்டார்கள். அதே அமைப்புதான் 2006-இல் ஆசிரியர்கள் சேர்ந்து பாடம் எழுதுவதற்காக விக்கிஎஜுகேட்டர் என்ற தளத்தையும் தொடங்கியது. எழுதி வைத்த பாடம் திறந்த உரிமையில் இருந்தால், ஒருவர் அதைக் குரலாக்கலாம், இன்னொருவர் நாடகமாக்கலாம், பள்ளி ஆசிரியர் வகுப்பில் சொல்லலாம், கூட்டுறவுச் சங்கம் அச்சிட்டு ஒட்டலாம். யாரிடமும் அனுமதிக் கடிதம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த உரிமை விஷயம்தான் முக்கியம். இலவசமாகப் படிக்கக் கிடைப்பது வேறு, எடுத்துப் பயன்படுத்த உரிமை கிடைப்பது வேறு. பொது நிறுவனங்களின் வேளாண் பக்கங்கள் பலவற்றின் அடியில் எல்லா உரிமைகளும் ஒதுக்கப்பட்டவை என்ற வரி இருக்கிறது. சட்டப்படி பார்த்தால், அதிலிருந்து தர்பூசணிப் பாடத்தை எடுத்துத் தன் ஊருக்கு ஏற்பத் திருத்தி ஒரு விவசாயிகள் குழு வெளியிட முடியாது. யாருக்காக ஒதுக்கி வைத்த உரிமை இது? ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் மக்கள். 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்ற திறந்த உரிம முறையில், எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் எடுத்தாளலாம். திருத்தியவரும் அதே உரிமையோடு வெளியிட வேண்டும். விக்கிப்பீடியா முழுவதும் இந்த உரிமத்தில்தான் உள்ளது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் 2013-இல் தன் ஆராய்ச்சி வெளியீடுகளுக்குத் திறந்த அணுகல் கொள்கையை ஏற்றது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை தமிழ் இணையக் கல்விக்கழகம் மூலம் விக்கிமூலத்துக்குக் கிடைத்தன. இலக்கியத்துக்குச் செய்ததை வேளாண்மைக்கும் செய்தால் போதும். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஓர் அரசாணையும், பக்கங்களின் அடியில் ஒரு வரி மாற்றமும் போதுமானவை.

செங்கல்பட்டில் தொடங்கலாம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் பிறப்பை 1868-இல் சென்னைச் சைதாப்பேட்டையில் ஏற்படுத்தப்பட்ட வேளாண்மைப் பள்ளியிலிருந்து கணக்கிடுகிறது. 1906-இல்தான் அது கோவைக்குப் போனது. அந்நாளில் சைதாப்பேட்டை செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர். தமிழகத்து வேளாண் கல்வி முளைவிட்ட மண்ணிலேயே இந்த முயற்சியைத் தொடங்குவது பொருத்தம்தான்.

2019 நவம்பரில் தனி மாவட்டமான செங்கல்பட்டுக்கு முதலில் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் போதும். சொர்ணவாரி நெல், நவரை நெல், நிலக்கடலை, தர்பூசணி, கடலோரத் தென்னை, சவுக்கு, உப்புநீர் ஏறிய நிலத்தை மீட்பது, ஏரி வண்டல், எலி ஒழிப்பு, பாம்புக்கடிக்கு முதலுதவி என்று எடுத்துக்கொள்ளலாம். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தார் கால்நடைப் பகுதியைக் கவனிக்கலாம். முட்டுக்காட்டில் சோதனை நிலையம் வைத்திருக்கும் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் இறால், கொடுவா வளர்ப்புப் பக்கங்களைப் பொறுப்பேற்கலாம். வேளாண் கல்லூரி மாணவர்கள் கிராமத் தங்கல் பயிற்சிக்கு வரும்போது, யாரும் திறந்து பார்க்காத தடித்த அறிக்கை எழுதுவதற்குப் பதிலாக, ஆளுக்கு ஒரு பக்கத்தைத் திருத்திச் செல்ல வேண்டும் என்று விதி செய்யலாம். அதற்கு மதிப்பெண்ணும் போடலாம். பக்கத்தின் 'வரலாறு' பகுதியே சாட்சி சொல்லும்.

விவசாயிகள் தங்கள் பங்குக்குச் செய்யக்கூடியதும் உண்டு. பூச்சியோ நோயோ கண்டால் மூன்று படம் எடுக்க வேண்டும்: தாக்கிய பகுதியை நெருங்கி ஒன்று, முழுச் செடி ஒன்று, வயலைத் தூரத்திலிருந்து ஒன்று. கூடவே ஊர், தேதி, ரகம், பயிரின் வயது, கடைசியாகப் போட்ட உரம், அடித்த மருந்து ஆகிய ஆறு விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழில் தட்டச்சு வராவிட்டால் செல்போனில் வாயால் சொன்னாலே எழுத்தாகிவிடும். ஊரில் கல்லூரி போகும் பிள்ளை ஒருவர் இருந்தால் அவரே பக்கத்தில் ஏற்றிவிடுவார். படம் எடுத்தவரே அதற்குத் திறந்த உரிமம் கொடுத்தால்தான் விக்கியில் ஏற்க முடியும். வேறு தளத்திலிருந்து நகல் எடுத்த படங்களைத் தவிர்க்க வேண்டும்.

சொர்ணவாரி விதைப்பு சித்திரையில் தொடங்குகிறது. அதற்குள் சொர்ணவாரிக்கான பக்கத்தையாவது எழுதி, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், செய்யூர் வட்டங்களில் வட்டத்துக்கு ஐந்து விவசாயிகள் வீதம் படித்துத் திருத்தும்படி செய்துவிடலாம்.